காக்கை இறங்காத பதினாறாம் நாள்

தாத்தாவின் பதினாறாம் நாளன்று கிணற்று மேட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, அத்தையின் கணவரான மாமா, ஒன்பது வயதில் நான். காக்கைகளை நான் எண்ணவில்லை. வேப்பமரத்தில் பத்துப் பதினைந்து இருந்திருக்கும்.

இலையில் சோறும் வடையும் வைத்து அப்பா கூப்பிட்டார். காக்கை சோறெடுக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. இலைக்கு நேரெதிரே, வெட்டவெளியில், மாமா ஸ்டாண்டு போட்டுக் கேமராவை நிறுத்தியிருந்தார். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர். ஞாயிறானால் கண்மாய் கண்மாயாகப் போய்க் காக்கைகளைப் படம் பிடிப்பவர். தாத்தா சோறெடுப்பதைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அவர் சொன்னபோது அப்பாவுக்கும் சந்தோஷம்தான்.

ஒரு காக்கை தாழ்ந்த கிளைக்கு வந்தது. முழ நீள லென்ஸ் அதன் பக்கம் திரும்பியது. காக்கை மேலே போய்விட்டது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை இதே கதை.

"ஏலே, வந்து தின்னுட்டுப் போலே! பசியில உசுரு போகுது" என்றார் சித்தப்பா.

"பெத்தவுகளப் போயி ஏலேங்கிறீக!" என்று அம்மா அதட்டினாள்.

தாத்தாவின் வெற்றிலைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்திருந்தேன். அதற்குத்தான் வரமாட்டேன் என்கிறாரோ? சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"எஞ் சங்கிலி நெனப்பாவே கெடந்து போனாக. அந்தக் கொறைதாண்ணே."

போர் போடுவதற்காக அத்தையின் சங்கிலியை வாங்கி அடகு வைத்தவர் தாத்தா. அது ஏலத்தில் போய்விட்டது. போர்த் தண்ணீர் பாய்ந்ததோ அப்பாவின் பருத்திக்கு. அப்பா மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தங்கச்சிக்கு எம்பதாயிரம் நாந் தாரேம்ப்பா. எறங்கி வாங்க."

"சார்ஜு போச்சு மச்சான்" என்று மாமா கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். தள்ளிப் போய் உட்கார்ந்தார். உடனே ஒரு காக்கை இறங்கி வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. அப்பா அழுதுவிட்டார். தாத்தா என்னையும் மன்னித்துவிட்டார் என்று நானும் அழுதேன்.

அடுத்த மாதம் மாமா என்னைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார், வால்காக்கையைப் படம் பிடிக்க. கருவேல மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, லென்ஸின் நுனி மட்டும் தெரிய, அரை மணி நேரம் அசையாமல் கிடந்தார். லென்ஸைக் கண்டால் காக்கை சாதி கிட்டவே வராதாம்.

"அப்பறம் அன்னைக்கு மட்டும் ஏன் மாமா வெட்டவெளியில நின்னீக?"

"பேசாம கெட புள்ள, வருது பாரு."

வால்காக்கை வந்தது. மாமா படம் பிடித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியென்றால் என்னை மன்னித்தது யார்?

அப்பா ஒவ்வொரு பருத்தி வெள்ளாமைக்கும், "எங்கப்பாகிட்டச் சொன்ன சொல்லு" என்று அத்தை கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறார். மாமா அன்று ஏன் ஒளியவில்லை என்பது இப்போது விளங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அப்பாவிடம் சொல்வது பாவமா, சொல்லாதது பாவமா என்று தெரியவில்லை. அத்தைக்கு இன்னும் பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி.