தறி நிற்கக் கூடாது என்று நினைத்தோம்

கொரோனா இரண்டாம் அலையில் நடந்தது இது. நானும் என் கணவரும் ஆரணியில் பட்டு நெய்கிறோம். தடுப்பூசி போட்டால் இரண்டு நாள் ஜுரம் அடிக்கும் என்றார்கள். தறியில் முகூர்த்தச் சேலை ஒன்று பாதியில் இருந்தது. "ரெண்டு பேரும் படுத்துட்டா தறி நின்னுடும். நீ மொதல்ல போட்டுகினு வா, நான் அடுத்த வாரம் போட்டுக்கறேன்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் போன அன்று தடுப்பூசி முகாமில் கூட்டமே இல்லை; போனதும் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவர் போனபோது, "ஸ்டாக் வரலைங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஒருநாள் இருவரும் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது டோக்கன் தீர்ந்துவிட்டது.

"நாட்டுக்கே ஊசி போடறோம்னு டிவியில சொல்லிகினே இருக்காங்க, இங்க ஒரு ஊசிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று கத்தினேன்.

"வந்தா போட மாட்டேனாம்மா?" என்றார் நர்சம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த மாதமே என் கணவருக்குத் தொற்று வந்தது. பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்து வந்தார். ஆனால் மூச்சு வாங்காமல் தறியில் உட்கார மூன்று மாதம் ஆனது.

ஊசி வரத் தாமதமானதில் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் ஊசி இருந்த அன்று அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனது நான். இப்போதெல்லாம் எந்த முகாம் என்று மைக்கில் சொன்னாலும், பாதிச் சேலைமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.