இருநூற்றுப் பன்னிரண்டு பின்பக்கங்கள்

சனிக்கிழமை காலையில் உடுப்புக் காயப்போடுவது நாகேந்திரத்தின் வேலை. மனைவி இரத்தினம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நாலு மாடி ஏற முடியாது. தோய்த்த உடுப்பை வாளியில் அமுக்கி, சேர்ட் பையில் கிளிப்புகளையும் போனையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் இருக்கும் பழைய தொடர்மாடியின் உச்சிக்கு அவர் ஏறுவார். போன் கதைப்பதற்கும் அதுதான் இடம். இரண்டு அறை வீட்டில் ஒருவர் மூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்கும். கலியாணம் பேசி வைக்கிறவருக்கு அது சரிவராது.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் இருபத்தெட்டு வருடம் லிகிதராக இருந்தவர் அவர். கூட வேலை செய்தவரின் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை சொல்லப்போய், அது பொருந்தி, அதிலிருந்து தொடங்கியது. ஓய்வு பெற்றபோது அலுமாரி நிறைய மட்டைக் கோப்புகள் இருந்தன. கோப்பின் முன்பக்கத்தில் படம், சாதகக் குறிப்பு, படிப்பு, வேலை. பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் அவர் தனக்காக எழுதியவை. ‘பெடியன் தலைமயிர் சொந்தமில்லை.’ ‘தாய்க்குக் கோபம் வந்தால் மூன்று நாள் கதையில்லை.’ ‘பிள்ளைக்குச் சின்னனில் வலிப்பு, இப்ப சுகம்.’ விசாரித்து அறிந்ததை எழுதாமல் விட அவருக்கு மனம் வராது. எழுதியதை யாருக்கும் காட்டவும் மாட்டார். மட்டையை முன்பக்கம் தெரியும்படி மேசையில் வைப்பார், அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய பூட்டு.

கொரோனாக் காலத்தில் ஆட்கள் வீட்டுக்கு வருவது நின்றபோது, கனடாவில் ரொறன்ரோவிலிருக்கும் மகன் ஜனா எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே ஆவணமாக ஏற்றிக் கொடுத்தான். அங்கேயிருந்து ஜனா தட்டினால் இங்கே திரையில் எழுத்துகள் தாமாக ஊர்ந்தன. “பேய் எழுதுற மாதிரிக் கிடக்கு” என்றாள் இரத்தினம்மா. நாகேந்திரத்துக்குப் பிடித்துப்போயிற்று. சிவப்புப் பென்சிலுக்குப் பதிலாகச் சிவப்பு எழுத்துக் கேட்டு வாங்கினார். ஒவ்வொருவருடைய விபரத்துக்கும் கீழே பின்பக்கத்தையும் தட்டிவைத்தார். மட்டையைத் திருப்பினால்தான் பின்பக்கம் தெரியும், திரையில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வழக்கமாகத் தேவையான பக்கத்தை மட்டும் ஜனா பிரித்துத் தருவான். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வேலை விஷயமாகப் பயணத்தில் இருந்தான். நாகேந்திரம் தானே ஒரு லிங்க் எடுத்து இரண்டு வீடுகளுக்கு அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை அவர் மாடியில் போர்வையை விரித்துக்கொண்டிருக்க, போன் அடித்தது. கீழே வீட்டிலிருந்து இரத்தினம்மா.

“உடுப்பை விட்டிட்டு வாங்கோ. நிருஷா வந்திருக்கு. முகம் சரியில்லை.”

நிருஷாவுக்கு முப்பத்தொரு வயது. பொரளையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், ஆட்களின் மருத்துவக் கோப்புகள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. நாகேந்திரம் அவளுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பெயர் உமாசுதன். தாய் ஓய்வுபெற்ற ரீச்சர்.

நிருஷா மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்திருந்தாள்.

“அங்கிள், மாப்பிள்ளையின்ர விபரம் எண்டு ஒரு லிங்க் அனுப்பினீங்கள் எல்லோ?”

“ஓம் பிள்ளை. உமாசுதன்ர பக்கம்.”

“பக்கம் இல்லை. முழுப் புத்தகமும்.”

அவள் விரலால் திரையைத் தள்ளத் தள்ள, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராக ஏறிப் போனார்கள். ஓரிடத்தில் நிறுத்தினாள். அவளுடைய படம். அதன் கீழே சிவப்பில்: ‘எழுத்து முடிஞ்சு குழம்பினது. வீட்டார் சொல்ல வேண்டாம் எண்டவை.’ அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. அவற்றை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவருடன் அவளுக்குக் கலியாண எழுத்து முடிந்தது. விசாவுக்காக முதலில் பதிவு, தாலி பிறகு என்று ஏற்பாடு. தாலி வரவில்லை. பதிவை இரத்துச் செய்யப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு இரண்டு வருடம் ஏறி இறங்கினாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேச்சு, இந்த விஷயம் காதில் விழுந்த அன்றே முறிந்தது. மூன்றாவதுதான் கொட்டாஞ்சேனை.

“இதே லிங்க் வேற ஆருக்குப் போனது?”

“கொட்டாஞ்சேனைக்கு மட்டும்தான்” என்றார் நாகேந்திரம். ஈரக் கையைத் துடைக்க மறந்து அப்படியே நின்றார். “நான் இப்பவே ரீச்சருக்கு அடிச்சு...”

“அடிக்காதேங்கோ. பாக்காம இருந்தினம் எண்டா, நீங்கள் கேட்ட பிறகு, அப்பிடி என்னதான் கிடந்தது எண்டு யோசிப்பினம்.”

“பாத்திருந்தா?”

“பாத்திருந்தா அவையே சொல்லுவினம். இல்லாட்டி ஒண்டும் சொல்லாம விடுவினம். எனக்கு ரெண்டும் பழக்கம்.”

அவருடைய போனை வாங்கி லிங்கை அப்போதே மூடினாள். திறந்து பார்த்தவர் யார் என்று அறிய வழியில்லை என்றாள். பிறகு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆவணத்தை மாற்றி வைக்க இணையத்தில் வேறு ஓரிடத்தில் கணக்குத் திறக்கத் தொடங்கினாள்.

“இது எப்பிடியெண்டா அங்கிள், பெட்டியை இஞ்சயே பூட்டி, திறப்பை நீங்கள் வைச்சுக்கொண்டு, பூட்டின பெட்டியை மட்டும் அவங்களிட்டக் குடுக்கிறது. வைச்சிருக்கிற கம்பனிக்காரனுக்கும் உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாது.”

“திறப்பைத் துலைச்சா?”

“துலைச்சதுதான். ஒருத்தராலயும் எடுத்துத் தரேலாது.”

“அப்ப நம்பலாம்” என்றார் அவர்.

கடவுச்சொல் நீளமாக, நாலைந்து சொல்லாக இருக்க வேண்டும் என்றாள். நாகேந்திரம் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். தட்டும்போது உதடும் அசைந்தது.

“வாய் விடாதேங்கோ! எனக்கும் தெரியக் கூடாது.” நிருஷா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“என்ர பேரைப் போடாதேங்கோ, உங்களுக்கு மறந்துபோம்” என்று குசினியிலிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது.

நாகேந்திரம் தட்டுவதை நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவருடைய கையால் அவமானப்பட்டவள். அவள் வட்ஸ்அப்பில் நாலு வரி எழுதிப் போட்டிருந்தால், அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்திராது. அவள் அவருடைய இரகசியத்துக்கு முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவரவர் பின்பக்கத்தை அவரவருக்குக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறக்க, அவரைத் தவிர, அதற்குச் சொந்தக்காரருக்கு மட்டும் வழி இருக்கும். பிழையிருந்தால் அவர்களே திருத்தலாம்.

“அடி விழும் பிள்ளை.”

“விழட்டும்.”

ஐந்து சனிக்கிழமை போயிற்று. அவர் உடுப்பைக் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது அவள் மேசையில் இருப்பாள். இவர் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்பார். அவர் திறந்து கொடுக்க, அவள் பக்கத்தை அனுப்புவாள். சிலர் ஏசினார்கள். ஒரு தகப்பன், “என்ர மகன் குடிக்கிறான் எண்டு ஆர் சொன்னது?” என்று கத்திவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துத் தானே ‘இப்ப குறைவு’ என்று எழுதினார். திரையில் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்ததை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பேர் முழுதும் அழிக்கச் சொன்னார்கள், நாகேந்திரம் அழித்தார். தெஹிவளைப் பிள்ளை ஒருத்தி ‘குறட்டை விடுவேன், அதையும் போடுங்கோ’ என்று சேர்த்தாள். இரத்தினம்மா சிரித்த சிரிப்பில் சோற்றுப்பானை பொங்கி வழிந்தது. கூடுதலானோர் ஒன்றும் மாற்றவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள்.

சனிக்கிழமைகளில் நிருஷா அங்கேயே சாப்பிட்டாள். வல்லாரைச் சம்பல் விருப்பம் என்று தெரிந்ததிலிருந்து, நாகேந்திரம் விடியவே சந்தைக்குப் போய் முதல் கீரைக்கட்டை வாங்கி வந்தார். நன்றி என்ற சொல்லை அவர் வாயெடுத்துச் சொன்னதில்லை. மூன்றாம் சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, அதைச் சொல்வதற்குப் பதிலாகக் கேட்டார்.

“அண்டைக்கு ஏன் பிள்ளை என்னை ஏசேல்லை?”

“ஏசத்தான் வந்தனான். மற்ற ரெண்டு வரிக்காக விட்டிட்டன்.”

அந்த இரண்டு வரி அவருக்கு நினைவிருந்தது. புதுக்கடைச் சாப்பாட்டுக்கடையொன்றில் வழக்கறிஞரின் லிகிதரோடு இருந்து விசாரித்து எழுதியது. ‘பெடியனுக்கு அங்க ஏற்கெனவே குடும்பம் இருந்தது. பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, வாய் திறந்து ஒருவரையும் குறை சொல்லவும் இல்லை.’

“அம்மா கூட ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை அங்கிள்” என்றாள் நிருஷா. கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஐந்தாம் சனிக்கிழமை, அவள் அடிக்க வேண்டாம் என்ற கொட்டாஞ்சேனை தவிர, கடைசிப் பக்கமும் முடிந்தது. அது அவளுடையது. தன் பின்பக்கத்தில் ‘வீட்டார் சொல்ல வேண்டாம் எண்டவை’ என்பதை அழித்து, ‘கேட்டால் நானே சொல்லுவேன்’ என்று எழுதினாள். மற்ற இரண்டு வரியைத் தொடவில்லை. இரத்தினம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் நாகேந்திரத்தின் போன் அடித்தது. திரையில் ‘கொட்டாஞ்சேனை ரீச்சர்’ என்று கிடந்தது. அவர் பழக்கத்தில் மாடிக்குப் போக எழும்பினார்.

“இஞ்சயே கதையுங்கோ” என்றாள் நிருஷா. “எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ.”

போட்டார்.

“ரீச்சர், பிள்ளையும் பக்கத்தில இருக்கிறா.”

“நல்லது, கேக்கட்டும். நாகேந்திரம் அண்ணை, நீங்கள் அனுப்பின அண்டைக்கே நானும் மகனும் வாசிச்சிட்டம். எங்கட பின்பக்கத்தையும்தான். ‘தாய் எல்லாரையும் திருத்தப் பார்ப்பா’ எண்டு எழுதியிருந்தியள்.”

“மன்னிக்க வேணும் ரீச்சர்.”

“ஏன் மன்னிப்பு? முப்பத்திரண்டு வருசம் அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தந்தவை. அந்தப் பிள்ளையின்ர விசயத்தை நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“அது நான் சொல்லுற விசயம் இல்லை ரீச்சர். பிள்ளை சொல்லுறது.”



“அதுவும் சரிதான்” என்றார் ரீச்சர். “அப்ப பிள்ளையிட்டக் கேளுங்கோ, மகனோட நேரா ஒருக்காக் கதைக்க விருப்பமோ எண்டு. அவனுக்கு விருப்பம்.”

போனை வைத்துவிட்டு நாகேந்திரம் நிருஷாவைப் பார்த்தார். அவள் உமாசுதனின் முன்பக்கத்தைத் திறந்து, மேலே இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்து, மடிக்கணினியை மூடினாள்.

“நான் என்ன சொல்லட்டும் பிள்ளை?”

அவள் எழுந்து, சார்ஜரில் கிடந்த தன் போனைக் கழற்றினாள்.

“தேத்தண்ணி ஆறுது” என்றாள் இரத்தினம்மா.

நிருஷா வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய காலடி கீழே இறங்கவில்லை. மாடிப்படியில் மேலே ஏறிப் போனது.