பதினொரு முறை அழைத்த டெரிக்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. என் கணவர் தினேஷின் கைப்பேசிக்குத்தான் வந்தது. அவர் இறந்து அன்றோடு ஏழு வாரம். இன்ஷூரன்ஸ் ஓடிபிக்காக அதை அலமாரியிலிருந்து எடுத்து, சத்தம் வைத்து, மேசைமேல் வைத்திருந்தேன்.

'உங்கள் புகார் முடிக்கப்பட்டது. புதிய பை அனுப்பி வைக்கப்படும். சரிசெய்ய இயலாத பழைய பை இன்று அழிக்கப்படும்.'

அவருடைய பச்சை நிற மலையேற்றப் பை அது. பிப்ரவரியில் இடுப்புப் பட்டையின் கிளிப் உடைந்துவிட்டதென்று அடுகோடி பகுதியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தார். மார்ச்சில் மூளையில் ரத்தக்கசிவு. பை என் நினைவிலேயே இல்லை. சட்டைகளையெல்லாம் இரண்டாவது வாரமே கொடுத்துவிட்டிருந்தோம். 'அழிக்கப்படும்' என்று படித்த பிறகுதான் உறைத்தது: அவர் தன் தோளுக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் அளவாக இழுத்து நிறுத்திய பட்டைகளோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். கன்னடத்துக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, பிறகு முடிவில்லாத இசை. ஜீவனஹள்ளி முனையில் ஆட்டோ பிடித்தேன். வழியில்தான் பார்த்தேன், அவர் கைப்பேசியில் ஒரே லேண்ட்லைன் எண்ணிலிருந்து பதினொரு அழைப்புகள். நான் சத்தத்தை அணைத்து அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த நாட்களில் வந்தவை. அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

டயர் கடைக்கு மேலே முதல் மாடி. வாசலில் ஒரு பெரிய சாக்கு நிறைய வெட்டிப்போட்ட பைகள். பச்சை நிறத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் பேச்சுக் கேட்டது.

"டெரிக் அங்கிள், மத்தியானம் ஆடிட். அந்தப் பச்சைப் பையை வெட்டுறீங்களா, இல்ல தத்து எடுத்துட்டு லிங்கராஜபுரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" லேப்டாப்பைக் கையில் ஏந்தி நின்ற இளம்பெண். மேனேஜர் சங்கமித்ரா என்று பிறகு தெரிந்தது.

"ஓனர் வாயால ஒரு வார்த்தை வரட்டும்மா. வந்தா ரெண்டு நிமிஷ வேலை." பெரிய கத்தரிக்கோலோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"மெசேஜ்தான் போயாச்சே!"

"மெசேஜ் போச்சு. ஓனர் எங்க போனாரு?"

"இறந்துட்டார்," என்றேன் வாசலிலிருந்து. "நான் அவரோட வொய்ஃப்."

டெரிக் கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்து மூடினார். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். மழை உறை போட்டு, முழுசாக இருந்தது.

"உக்காருங்கம்மா. முதல்ல பிடிங்க."

மடியில் வாங்கிக்கொண்டேன். ஏழு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"உங்க அதிர்ஷ்டம் மேடம்," என்றாள் சங்கமித்ரா. குரல் இறங்கியிருந்தது. "இவர் ஒரு தடவை கேக்காம வெட்டி, கஸ்டமர் பாஸ்போர்ட்டையே ரெண்டாக்கிட்டார். முதுகு அட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்கார் அந்த ஆள்."

"கனடா போக வேண்டியவரும்மா. ஆறு மாசம் தினமும் போன் பண்ணித் திட்டினார். இப்ப அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு போன் பண்றார். அன்னிலேர்ந்து குரல் கேக்காம கத்தரி எடுக்கறதில்ல."

பதினான்கு வருடமாக அங்கே வேலை. அதற்கு முன் சிவாஜிநகரில் கார் சீட் கவர் தைத்திருக்கிறார். மலை ஏறுகிறவர்களின் பைகளையே தைத்தும், ஒரு மலையும் ஏறியதில்லை. "நந்தி பெட்டா மலைக்கு பைக்ல போனேன். மேல பஜ்ஜி சாப்ட்டேன், இறங்கிட்டேன். ஆய்த்து, அவ்ளோதான்."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பட்டையெல்லாம்... இழுத்து மாத்திட்டீங்களா?"

அவர் உறையை விலக்கிப் பையின் தோள் பட்டையைக் காட்டினார். பக்கிளை ஒட்டி வெள்ளையாக ஒரு சாக்பீஸ் கோடு. "டெஸ்ட் பண்ண பதினஞ்சு கிலோ மணல் போட்டு இழுத்துத்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி கோடு போட்டுப்பேன். முடிஞ்சதும் அதே கோட்டுல நிறுத்திடுவேன். எல்லா பைக்கும் அப்படித்தான். திரும்ப மாட்டும்போது அவங்க தோள்ல அப்படியே உக்காரணும் இல்ல?"

நான் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். பட்டை தினேஷ் விட்ட இடத்திலேயே இருந்தது.

டெரிக் பையைக் கவிழ்த்தார். "தையல் ஒண்ணுகூட விடல. பத்து வருஷம் தாங்கும். ஆனா கீழ இந்த ரெண்டு வார் நீண்டிருக்கு பாருங்க. சார் அடியில இன்னொரு பை கட்டித் தூக்கியிருக்கார். கம்பெனி ரூல்படி ஓவர்லோடு, வாரண்டி கிடையாது. நான் சாதாரணத் தேய்மானம்னு எழுதிட்டேன்."

"அது என் பை," என்றேன். "பாதி ஏத்தத்துல உக்காந்துடுவேன். அவர் வாங்கிக் கட்டிப்பார்."

"அப்ப கிளிப்ப உடைச்சது நீங்கதான்!"

"மேடம், நான் எதையும் கேக்கல," என்று லேப்டாப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள் சங்கமித்ரா.

சிரித்துவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்தது தப்பு என்றும் தோன்றவில்லை.

புதுப் பை வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாடல் கிளிப் இப்போது வருவதில்லையாம், வேறொன்று போட்டால் சரியாகக் கடிக்காதாம். "சாக்குல தேடறேன். என்னிக்காவது இதே பை ஒண்ணு வெட்டுக்கு வரும். வந்தா போன் பண்றேன். இந்தத் தடவை எடுங்கம்மா."

என் எண்ணைக் கொடுத்தேன். படி இறங்கும்போது பையைக் கையில்தான் பிடித்திருந்தேன். தெருவுக்கு வந்ததும் முதுகில் மாட்டிக்கொண்டேன். எனக்கு மிகவும் பெரிது. பையின் பட்டைகள் காதுவரை வந்தன. பட்டையை இழுக்கவில்லை, அப்படியே ஆட்டோவில் ஏறினேன்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று சாயங்காலம் டெரிக் அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தேன். கிளிப் கிடைத்துவிட்டதாம், சனிக்கிழமை வரச் சொன்னார். பை இப்போது கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது. இடுப்புப் பட்டையின் இடதுபக்கம் கிளிப் இல்லை. டெரிக் தற்காலிகமாகக் கட்டிக்கொடுத்த பழுப்பு ஷூ லேஸ்தான் இருக்கிறது.