விஜயராணியின் சைவ பஸ்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் புக்கிட் பெருந்துங் தாமான் குடியிருப்பில் மீன்காரன் ஹாரன் அடிப்பதையே நிறுத்திவிடுவான். அடித்துப் பிரயோஜனம் இல்லை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. அப்படிப்பட்ட மாதத்தில், அதுவும் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமையில், மீனுக்குப் பேர்போன செகிஞ்சானுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போக யாருக்காவது புத்தி போகுமா? என் பக்கத்து வீட்டு விஜயராணி அக்காவுக்குப் போனது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது தோட்டத்து லயத்தில். ராவாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை இல்லாத நாட்களில் எங்களை மலிவு விலையில் ஊர் சுற்றிக் காட்டுவதை ஒரு சேவையாகவே செய்து வந்தார். பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டோல் சாவடியில் இப்போது மெஷின் இருப்பதால் அரசாங்கம் பிழைத்தது, ஆள் உட்கார்ந்திருந்தால் அதையும் குறைத்திருப்பார். தொழிற்சாலை பஸ் ஓட்டும் செல்லன் அண்ணன், "புரட்டாசில யாருமே அந்தப் பக்கம் போறதில்ல, சும்மா நிக்கிற பஸ்ஸு, பாதி வெலைக்கு வரேன் லா" என்று வாயை விட்டுவிட்டார். அக்காவின் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுந்தது.

ஆனால் மலிவு மட்டும் காரணமில்லை. உண்மையான காரணம் அவர் வீட்டுக்காரர் தேவதாஸ் அண்ணன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், ஆள் கதவு மாதிரி இருப்பார். வருஷத் தொடக்கத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது, இனி எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சாப்பிடத்தான் அண்ணனுக்கு மனமில்லை. கஞ்சியை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, மண்ணு மாதிரி இருக்கிறது என்று கிண்ணத்தை நகர்த்தி வைப்பார். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இப்போது அவர் மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. அக்கா சமைத்துச் சமைத்து ஓய்ந்துபோய், சுவருக்கு அந்தப் பக்கம் அழுவது எனக்குக் கேட்கும்.

கடைசியில் பெருமாளிடமே ஒப்பந்தம் போட்டுவிட்டார். இந்த மனிதர் தானாக வாய் திறந்து கேட்டு ஒரு தட்டு சோறு சாப்பிட வேண்டும். அதற்குப் பதிலாக, புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் மீன் வாசமே வராது. கடல் காற்று பட்டால் பசி எடுக்கும் என்று யாரோ சொன்னதால் இந்தப் பயணம். வேண்டுதலில் ஓட்டை விழக்கூடாது என்பதற்காக, பஸ்ஸையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"என் பஸ்ல ஏறுனவங்க எறங்குற வரைக்கும் சைவம். இஷ்டம்னா ஏறுங்க."

சொன்னதோடு விட்டாரா? பஸ் வாசலில் நின்று ஒவ்வொரு பையையும் திறந்து முகர்ந்து பார்த்தார். விமான நிலையத்தில்கூட அப்படிச் சோதனை கிடையாது. தொழிற்சாலையில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் சரண் பையிலிருந்து இறால் ருசி மேகி இரண்டு பாக்கெட் பிடிபட்டது.

"அக்கா, அதுல எறாலே இல்ல. வெறும் பவுடர்."

"பவுடர் எதுலேர்ந்து வந்துச்சு, பூசணிக்காயிலேர்ந்தா? எடு."

அடுத்து வந்த நல்லம்மாள் அத்தை கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் சம்பலில் நெத்திலி இருந்தது. "அது ருசிக்குப் போட்டது ஆயி, நான் ஓரமா ஒதுக்கி வச்சிருவேன்" என்று அத்தை மன்றாடிப் பார்த்தார். எங்கே ஒதுக்குவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொட்டலம், பஸ் நின்றிருந்த கோயில் பக்கத்துப் பூனைக்குப் போனது. மற்றபடி யாரும் பசியோடு இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் அக்கா விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் பெரிய கூடை நிறையக் கட்டியிருந்தார்.

வழியில் கோலசிலாங்கூரில் இறங்கி, முதலில் புக்கிட் மெலாவாத்தி குன்றில் ஏறினோம். கலங்கரை விளக்கம், பழைய பீரங்கி, அங்கிருந்து பார்த்தால் ஆறும் சதுப்புக் காடும் கடலும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தேவதாஸ் அண்ணன் ஒரு மரநிழலில் உட்கார்ந்து, பசிக்கிறதா என்று அக்கா கேட்ட ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையாட்டினார். அக்கா விடவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தால் அவர் முகம் மலரும் என்று எங்களைப் பீரங்கி முன்னால் வரிசை கட்டினார். கூடையை மரத்தடியில் வைத்தார்.

அந்தக் குன்றில் இரண்டு வகைக் குரங்கு உண்டு. சாம்பல் நிறத்தது சாது, கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று கொடுக்கும்வரை காத்திருக்காது. நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது, பின்னால் இரண்டாவது வகை கூடையைத் திறந்து பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினார். ஒரு தடியன் குரங்கு தயிர் சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தது.

"இதுங்களும் புரட்டாசி புடிக்குது போல" என்றான் சரண். அக்கா முறைத்த முறைப்பில் அவன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் போய்விட்டான்.

செகிஞ்சான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வழியெல்லாம் பச்சை வயல், ஆனால் வயலைப் பார்த்தால் வயிறு நிறையுமா? எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்றோரம் மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை. வேறு வழியில்லாமல் அக்கா எங்களை அங்கே உட்கார வைத்தார். முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, சோறு, தவ்ஃபு என்கிற சோயா கட்டி, கங்கோங் கீரை, முட்டைக்கோஸ், வேறு எதுவும் கூடாது என்று மலாயில் அடுக்கினார். கீரையில் இறால் விழுதான பெலாச்சான் போடக்கூடாது, சிப்பிச் சாறு ஊற்றக்கூடாது, மீன் பொரித்த எண்ணெயில் தாளிக்கக்கூடாது. மீனுக்காகவே கடை நடத்தும் அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

கீரை வந்தது. நாங்கள் மென்றோம். தேவதாஸ் அண்ணன் தட்டில் சோறு வைத்தபடியே இருந்தது. அப்போதுதான் பக்கத்து மேசைக்கு ஒரு முழு சியாக்காப் மீனை ஆவி பறக்கக் கொண்டுபோனார்கள். இஞ்சியும் பூண்டும் மேலே தூவி, சோயா சாற்றில் மிதந்துகொண்டு போனது. நல்லம்மாள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா என்றார். என் நிலைமையும் அதேதான்.

தேவதாஸ் அண்ணன் மட்டும் தலையைத் திருப்பி, அந்த மீன் மேசையில் இறங்கும்வரை பார்த்தார்.

"ராணி, அது என்ன மீனு?"

அக்காவின் கை அப்படியே நின்றது. சாப்பாட்டைப் பற்றி அந்த மனிதர் தானாக எதையும் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"சியாக்காப்பு."

"அதுல கொஞ்சம் இருந்தா சோறு எறங்கும் போலருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன நாள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. "இல்ல, வேணாம், விடு. நீ வேண்டிக்கிட்டிருக்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து வெளியே படகுத்துறைப் பக்கம் போனார். பயந்துபோய் நானும் பின்னாலேயே போனேன்.

பலகை மேல் நின்று, கலங்கிய ஆற்றைப் பார்த்து யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போன் கையில் இல்லை. பெருமாளுடன்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"கேக்கணும்னுதானே வேண்டிக்கிட்டேன். கேட்டுட்டாரு. ரசம் சோறு கேக்க வச்சிருக்கலாம்ல? ஊரு ஒலகத்துல வேற எதுவுமே கெடைக்கலயா உங்களுக்கு? சனிக்கெழமையும் அதுவுமா மீனக் காட்டுறீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்களே ஒருதடவ மீனா வந்தவருதானே. உங்களுக்குத் தெரியாததா. பாவம்னா அது என் மேல இருக்கட்டும், அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தொட்டியில் நீந்திய மீன்களில் பெரியதாக ஒன்றைக் காட்டி, ஆவியில் வேக வைக்கச் சொன்னார். முதலில் மீனே கூடாது என்றீர்களே என்று முதலாளியம்மா குழம்பிப்போய்க் கேட்டாள். அது அப்போது, இது இப்போது என்றார் அக்கா. விலையைக் கேட்கவே இல்லை. அவரை இத்தனை வருஷமாக அறிந்த எனக்கு அதுதான் பகீர் என்றது.

மீன் வந்ததும் சரண் மெதுவாக நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினான். நல்லம்மாள் அத்தை, "ஆயி, அப்ப நாங்களும்..." என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு வயித்துல ஆபரேஷனா? கீரையச் சாப்புடுங்க அத்தை" என்றார் அக்கா, திரும்பியே பார்க்காமல்.

மீனின் முதுகைப் பிளந்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, வெள்ளைச் சதையைச் சோற்றின் மேல் வைத்தார். அண்ணன் தயங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் பேசிட்டேன், சாப்புடுங்க" என்றார் அக்கா. அண்ணன் ஒரு வாய் பிசைந்து வாயில் போட்டார். இன்னொரு வாய். பிறகு நிமிரவே இல்லை. பக்கத்து மேசைச் சீனர்கள் உட்பட எல்லோரும் அந்த ஒரு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு என் பசியே மறந்துபோனது, பெருமாள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

தட்டு காலியானது. விரலை நக்கிவிட்டு, எதிலும் குறை கண்டுபிடித்தே சாப்பிடும் பழைய தேவதாஸ் அண்ணனாக முகத்தைச் சுளித்தார்.

"மீனு நல்ல மீனுதான். ஆனா உப்பு பத்தல. நீ வச்சா இப்புடி வைக்க மாட்ட. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

காலையிலிருந்து எங்களை ஆட்டிப்படைத்த விஜயராணி அக்கா, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே சோற்றை அள்ளினார், பாதி மேசையில் கொட்டியது.

"சொல்லுங்க. இன்னும் என்ன கொறைன்னு நல்லாச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார்.