அருள்தாசன் போதகர் கொடுத்த ஒரு வாய்த் தண்ணீர்

அருள்தாசன் போதகர் காலமான செய்தியை, எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கொண்டுவந்தபோது, நான் குழந்தையின் நெற்றிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐயா காலையில தவறிட்டாங்கம்மா. சாய்வு நாற்காலியில உக்காந்தபடியே."

ஐயோ என்பதற்கு முன்பே, "அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றேன். அந்த ஞாயிறு எங்கள் கிருபாவுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. அவரைப் பற்றி நம் பிரெஸ்பிட்டேரியன் சபையார் பலரும் சொல்லி முடித்த பிறகு நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையின் சுரம் இப்போதுதான் என்னை மேசைப் பக்கம் விட்டது.

மெசப்பொத்தாமியாவில் நம் பட்டாளத்தாருக்குப் படைக்குருவாக இருந்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் இடது காது கேளாமல் ரங்கூனுக்கு வந்தவர் அவர். லான்மடாவ் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போகும் நாமெல்லாரும் கேட்காமலே வலப்பக்க நாற்காலியில் உட்காரப் பழகியிருந்தோம். சர்க்கார் கொடுத்த மெடலை ஜன்னல் திரையின் அடியில் தைத்து வைத்திருந்தார். "காற்றுக்குத் திரை பறக்காமல் இருக்கிறதே, போதாதா?" என்பார். பிரசங்கம் குறுகிப்போகிறது என்று சபை மூப்பர் ஒருவர் குறைப்பட்டபோது, "வெயிலில் நிற்கவைத்துப் பேசிப் பழகினவன் நான். நீட்டினால் ஆள் சாய்ந்துவிடுவான்" என்றார். நான் அறிந்த காலமெல்லாம் அவர் களைத்தே இருந்தார். அந்தக் களைப்போடுதான் எல்லாருடைய மாடிப்படியும் ஏறினார்.

அவர் இறந்த வாரத்தின் தொடக்கத்தில் கிருபாவுக்குச் சுரம் கண்டது. முதல் பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு முன்பே பறிகொடுத்தவள் நான். எங்கள் மருத்துவச்சி பிலோமினா ரோமன் கத்தோலிக்கர். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது அவர்கள் வழக்கம். நம்மிடம் போதகர்தான் கொடுக்கவேண்டும். அதுவும் கோயிலில், பிள்ளைக்காகச் சபையாரும் வாக்குக் கொடுக்க. நான் ஆள் இழுக்கும் லஞ்சா வண்டி ஒன்றைப் பிடித்து அவரிடம் ஓடினேன்.

"இன்னிக்கே வீட்டுக்கு வந்து குடுத்துடுங்க ஐயா. ஞாயிறு வரைக்கும் இருப்பாளா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். படித்த பெண்ணுக்கு இவ்வளவு பயமா என்று கேட்கவில்லை. யுத்தத்தின்போது பஸ்ராவுக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொன்னார். கோவேறு கழுதை ஓட்டுகிற நம் ஆள் ஒருவன், குண்டடி பட்டு, ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவருடைய குப்பியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம்.

"என்ன செஞ்சீங்க?"

"அவன் உதடு வெடிச்சிருந்ததும்மா. குடிக்கக் குடுத்தேன். ஆண்டவர் நாமத்தை மட்டும் சொன்னேன்."

"அது ஞானஸ்நானமாச் செல்லுமா ஐயா?"

"நம்ம மூப்பர்களும் அதைத்தான் கேட்டாங்க." களைப்பாகச் சிரித்தார். "செல்லாட்டி, பதில் சொல்லவேண்டியவன் நான். அவன் இல்லை. தண்ணி ஊத்தலேன்னு ஆண்டவர் உன் பிள்ளையைத் தள்ளிடுவார்னு நினைக்காதே. பயந்துக்கிட்டு இங்கே ஓடிவராதே. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தூக்கிட்டு வா."

அடக்கத்துக்குக் குழந்தையைப் பிலோமினாவிடம் விட்டுவிட்டுப் போனேன். துறைமுகக் கூலிகள் பலர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் முனியாண்டி என்ற பழைய பட்டாளத்துக்காரர், யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார்: "அங்க சண்டையில செத்த எங்காளு ஒருத்தனுக்குக் கொள்ளி வைக்க நாதியில்லம்மா. இவரு காக்கிச் சட்டையக் கழட்டி வச்சிட்டு வெறகு தூக்குனாரு. மந்திரம் தெரியுமா சாமின்னேன். 'உனக்குத் தெரிஞ்சத நீ சொல்லு, நான் தலையக் குனிஞ்சு நிக்கிறேன்'னாரு. அன்னிக்கி அவரு நின்னாரு. இன்னிக்கி நான் நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்து, மதராஸிலிருந்து புதுப் போதகர் மழைக்குப் பிறகுதான் கப்பல் ஏறுவார் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அன்று பிற்பகல் கிருபாவின் உடம்பு அனலாகக் கொதித்தது, கண் செருகியது. பிலோமினா தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, ஊத்திடுறேன். உங்க ஐயாதான் போயிட்டாரே, யாரு வந்து கேக்கப்போறா?"

நான் செம்பை வாங்கினேன். குழந்தையின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"பிலோ, ஸ்பூன் எடு."

"ஸ்பூனா? எதுக்கு?"

"அவளுக்குத் தாகம்."

சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். முதலில் வழிந்தது. பிறகு விழுங்கினாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு, "உங்க வேதம் எனக்கு விளங்கலம்மா" என்று முணுமுணுத்தபடியே குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

சுரம் இன்னும் விட்டுவிட்டு வருகிறது. ஞானஸ்நானம் ஆகவில்லை. பயமும் போகவில்லை, அவர் போகும் என்று சொல்லவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். செம்பை எடுக்கும்போது என் கை அவள் தலைக்குப் போவதில்லை; உதட்டுக்குப் போகிறது.