கொப்பியில் வந்த கோமதி

போன கிழமை மகளின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க ஹட்டனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் மெஷினின் மூடியைத் திறந்தாள். கண்ணாடியில் ஏதோ கறை தெரிந்திருக்க வேண்டும், துணியை எடுத்தாள். "தொடைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் சேர், கரண்ட் அடிக்குமா?" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வேறென்ன சொல்வது? அந்த இடத்தில் நின்று சொல்லி முடிகிற கதையா இது?

உங்களிடம் சொல்லலாம். எட்டு வருடம் நான் கொப்பி மெஷின் திருத்துகிறவனாக இருந்தேன். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி அறைதான் எங்கள் கம்பனியின் கிளை. ஆள் இரண்டு பேர், நானும் செல்வமும். மோட்டார் சைக்கிள் ஒன்று. அந்த அறையில் பாண் வேகும் வாசனையும் டோனர் மணமும் ஈர ஜெர்க்கின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இன்றைக்கும் பாண் வாசனை வந்தால் எனக்கு மூக்குக்குள் கறுப்புத் தூள் இருப்பது போலவே இருக்கும்.

எங்களுக்கு எதிரி பனிமூட்டம். மெஷினோடு வந்த புத்தகத்தை எழுதினவன் வெயில் ஊர்க்காரனாக இருந்திருப்பான். எங்கள் பக்கத்தில் கடதாசி காலையில் கடதாசியாக இருக்கும், பின்னேரம் நமுத்த அப்பளமாகிவிடும். உருளைக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அதற்குச் செல்வம் கண்ட வைத்தியம், கடதாசித் தட்டுக்கு அடியில் ஒரு சின்ன பல்பை எரியவிடுவது. கம்பனிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஆனால் கந்தப்பளை முதல் பொகவந்தலாவை வரை பாதி மெஷின்கள் அந்தப் பல்பில்தான் உயிர் வாழ்ந்தன. கொத்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மெஷினின் சுருள்வில் உடைந்துபோக, டீச்சர் ஒருவரின் கொண்டை ஊசியை வாங்கி வளைத்து மாட்டினான். அடுத்த இரண்டு வருடமும் எங்களைக் கண்ட போதெல்லாம் அந்த டீச்சர் ஊசியைத் திருப்பிக் கேட்டார். அதே பள்ளிக்கூடத்து மெஷினுக்குள் எலி தவணைப் பரீட்சைத் தாள்களைக் கிழித்துக் குட்டி போட்டிருந்தது. கணக்குத் தாளை மட்டும் தொடவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பனிக்குள் தனியாக நிற்கிற ஒரு காரியாலயத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது. கந்தப்பளையில் ஒரு காரியாலயத்து மெஷின் பின்னேரம் நாலு மணியானால் தானாக ஓடும். யாரும் தொடாமல் வெள்ளைத் தாளாகத் துப்பும். நாங்கள் போவதற்குள் கோயில் பூசாரி முந்திக்கொண்டு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போயிருந்தார். நாலு மணிக்கு ஜன்னலால் மூட்டம் உள்ளே வருகிறது, மெஷினுக்குள் நீர் கோத்து அதற்குப் புத்தி பேதலிக்கிறது என்று கண்டுபிடித்து ஜன்னலைப் பூட்டினோம். "பழத்த மட்டும் கழட்டிறாதீங்க, அதுதான் வேல செய்யுது" என்று செல்வம் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஜன்னலைப் பூட்டிய பிறகும் என் கண் முன்னால் அது மூன்று தாளைத் துப்பியது. அதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

அந்த வருட மழைக்காலம் முடிகிற நேரம் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. பேப்பர் சிக்கிவிட்டது என்று மட்டும்தான் தோட்டக் காரியாலயத்துப் பெரிய கிளாக்கர் போனில் சொன்னார். போய் இறங்கும்போது காலை பத்து மணி. தேயிலை மலை தெரியவில்லை, மூட்டம்தான் தெரிந்தது. காரியாலயத்து வாசலில் ஓர் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். கொழுந்து எடுக்கப் போகவேண்டிய நேரத்தில் ஏன் இங்கே நிற்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தது. எந்த மெஷினுக்குப் போனாலும் கைப் பையை வைத்த கையோடு மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துவிடுவேன். என்ன கோளாறு என்று கேட்பதெல்லாம் பிறகுதான். இவர் கைகாரர் என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும் என்ற சின்னப் பெருமை. அன்றும் திறந்தேன். கண்ணாடியின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது.

கிளாக்கர் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போயிருச்சா?" என்று கேட்டார். முகத்தில் நிம்மதியா பயமா என்று சொல்ல முடியாத ஒன்று. பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் அந்த மழையில் மண் சரிந்து, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தை மூடியிருந்தது. வாசலில் நிற்கிற ராசம்மா அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த மகள் கோமதி மண்ணுக்குள் போய்விட்டாள். தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. வீட்டோடு எல்லாம் போய், கந்தப்பளையில் சித்தி வீட்டில் இருந்த ஒரே ஒரு போட்டோதான் மிச்சம். மரணப் பதிவுக்கு வேண்டுமென்று கிளாக்கர் அதை வாங்கி, கொப்பி எடுக்கக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தார். யாரோ கூப்பிட வெளியே போனவர் மறந்துவிட்டார். மூன்று நாள் லீவு. ஈரமும் கீழே எங்கள் பல்பின் சூடும் சேர்ந்து படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது வெறும் கடதாசி மட்டும் கையோடு வந்தது. முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

"அதுக்கப்பறம் எந்தக் கொப்பி எடுத்தாலும் மூலையில அந்தப் புள்ள நிக்குதுங்க தம்பி. லீவு லெட்டர்ல, சுற்றறிக்கையில, எல்லாத்துலயும். ஆளுங்க வாங்க மாட்டேங்குறாங்க. நான் எல்லாத்தையும் எரிச்சிட்டேன். படம் நுவரெலியாவுக்குப் போயிருக்கு, வரும்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். எப்படியோ கேள்விப்பட்டு, மகளைக் காட்டுங்கன்னு வந்து நிக்குது."

என் கையில் இருந்த துணியைப் பார்த்தேன். அதில் பழுப்பாக ஓர் இழுப்பு. உலகத்தில் கோமதிக்கு மிச்சமிருந்த முகம் அதுதான். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை.

எதற்கும் சிரிக்கிற செல்வம் அன்று சிரிக்கவில்லை. "பேப்பர் சிக்கிருச்சுன்னு சொன்னீங்களே, அது என்ன பேப்பர்?" என்று கேட்டான்.

கிளாக்கர் தலை குனிந்தார். "ஒன்னுமே வைக்காம அமுத்திப் பாத்தேன். அதுக்கும் வருவாளான்னு. அமுத்தினதும் கரண்ட் போயிருச்சு. உள்ள கைய விட பயமா இருந்துச்சு."

செல்வம் மெஷினைத் திறந்தான். தாள் சூட்டு உருளைக்குப் போகிற வழியில் பாதியில் நின்றிருந்தது. ஒரு தகரத் தட்டை அடியில் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே எடுத்தான். வெள்ளைத் தாளின் மூலையில் ஒரு பெண். பதினெட்டு வயதிருக்கும். இரட்டைப் பின்னல், கழுத்தில் பாசிமணி. கண்ணை அகலத் திறந்து நேரே பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் ஓர் அடி பின்னால் போனோம்.

ஆனால் அது இன்னும் படமாகவில்லை, வெறும் தூள். சூட்டு உருளைக்குள் போனால்தான் டோனர் உருகித் தாளைப் பிடிக்கும். அதற்குமுன் ஒரு தும்மல் போதும், முகம் போய்விடும். உருளையைச் சூடாக்கும் விளக்கோ கரண்ட் வந்த வேகத்தில் செத்துப்போயிருந்தது. புதியது ஹட்டனில் இருந்தது. போய் வருவதற்குள் மூட்டத்தின் ஈரமே அவளைக் கரைத்துவிடும். "ஸ்டோர் அடுப்பு எரியுதா?" என்றான் செல்வம். தோட்டத்தில் ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. எரிகிறது என்றார் கிளாக்கர்.

கதவைத் திறந்ததும் ராசம்மா தட்டைப் பார்த்துவிட்டார். "அம்மா, பேசாம வாங்க, மூச்சு படக்கூடாது" என்றேன். எதற்கு என்று கேட்காமல் கம்பளியைக் கழற்றி இரண்டு கையாலும் கூடாரம் போல் பிடித்தார். அதற்குள் தட்டை ஏந்திக்கொண்டு நான் நடந்தேன். செல்வம் எனக்கு முன்னால் காற்றை மறைத்துப் பின்னோக்கியே நடந்தான். நூறு கஜ தூரம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. எதிரில் ஆள் தெரியாத வெள்ளைக்குள், ஒரு செத்த பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தானே துடைத்தேன் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

அடுப்பின் மேல் இருந்த இரும்புத் தகட்டில் செல்வம் தட்டை வைத்தான். சூடு ஏறக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் ராசம்மா குனிந்தார். நான் தடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் "கோமதி" என்று கூப்பிட்டுவிட்டார். சத்தமாக இல்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி.

தூள் அசைந்தது. கண்ணிருந்த இடத்துக் கறுப்பு மெல்லக் கீழே இறங்கியது. மறுகணம் சூடு பிடித்து எல்லாம் மினுங்கி ஒட்டிக்கொண்டது. தாள் ஆறியதும் பார்த்தோம். பின்னல் அப்படியே இருந்தது, பாசிமணி அப்படியே இருந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன.

அம்மாவின் மூச்சுப் பட்டுத் தூள் சரிந்தது, அவ்வளவுதான். அதை உங்களுக்குப் படம் போட்டு விளக்க எனக்குத் தெரியும். ஆனாலும் அதையும் நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. கிளாக்கர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ராசம்மா அவரைப் பார்க்கவே இல்லை. "கண்ண மூடிட்டா தம்பி" என்று என்னிடம் சொன்னார். "மண்ணுக்குள்ள கண்ணத் தொறந்துக்கிட்டே கெடக்காளோன்னு எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. இப்ப மூடிட்டா."

இப்போது அந்த மெஷின் இல்லை. பழைய இரும்புக்குப் போயிருக்கும். அந்தத் தோட்டத்து ஸ்டோர் மூடப்பட்டு, கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செல்வம் கட்டாருக்குப் போனான், அங்கே குளிரூட்டி திருத்துகிறான். மண் சரிந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. லயம் இருந்த இடம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள்.

ராசம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். சேதி கிடைத்துப் போயிருந்தேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் கோமதியின் கந்தப்பளைச் சித்தி அந்தத் தாளைக் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேல் வைத்து, இரண்டு கையையும் எடுத்து அதன் மேல் மடித்துவிட்டார். கோமதி இரண்டாம் தடவை மண்ணுக்குள் போனாள். முதல் தடவை அம்மா மலையில் இருந்தார். இந்தத் தடவை வீட்டில், அவள் கூடவே இருந்தார்.