ஒன்றாம் கோட்டுக்கு மேலே

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டு மும்பைப் பக்கம் வந்தேன். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் துவைத்தேன், தாணேயில் பெயின்ட் டப்பா சுமந்தேன், பிறகு செம்பூரில் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தேன். அங்கே முதுகு தாங்கினால் போதும்.

தாராவியில் ஒரு மாடி அறைக்குக் காலையில்தான் சிலிண்டர் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் காலமெல்லாம் தூசி தின்ற மனிதருக்கு. மறுநாள் வரை தாங்க வேண்டியது. மத்தியானமே, "தீரப்போவுது, வேற கொண்டாங்க" என்று போன் வந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இரும்பு ஏணியில் ஏறும்போதே குறட்டை கேட்டது. அவர் மனைவி உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா வாங்க தம்பி. மூணு நாளா ஒக்காந்தே மூச்சுக்குத் தவிச்சாவ. இப்பதான் அசந்து தூங்குதாவ."

சிலிண்டரில் ஆக்சிஜன் போகும் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். ஒன்றாம் கோட்டில் நிற்க வேண்டிய சின்னக் குண்டு உச்சியில் நின்றது. காற்றை ஈரமாக்கும் புட்டித் தண்ணீர் உலை போல் கொதித்தது.

"யாரு கூட்டினது?"

"பாக்க வந்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் திருகினோம்," என்றார் மூலையில் இருந்த அவர் மச்சினர். "காத்துல என்னல கஞ்சத்தனம்? பாரு, கவலையில்லாம பிந்தாஸா தூங்குதாவ."

தோளைத் தட்டினேன். கண் திறக்கவில்லை. கை மட்டும் சிவந்து சூடாக இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன்.

"தூக்கமில்லடா அது. குண்ட ஒண்ணுக்கு இறக்கு, மொத்தமா மூடிராத. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

குண்டை ஒன்றுக்கு இறக்கிவிட்டு, அவரை நாற்காலியில் வைத்துத் துண்டால் கட்டினோம். மச்சினரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மேலிருந்து பிடிக்க, நான் கீழே நின்று வாங்கினேன். சிலிண்டரும் கூடவே இறங்கியது. பாதி வழியில் அவர் தலை முன்னால் சரிந்தது, குறட்டை நின்றது. அந்த அமைதி குறட்டையைவிட மோசம். தாடையைப் பிடித்து மேலே தூக்கினேன். கர்ரென்று மூச்சு திரும்பியது. தெருமுனை வரை கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இறுக்கமான முகமூடி மாட்டினார்கள். ஒரு மெஷின் காற்றைத் தள்ளியது. டாக்டர் அந்த அம்மாவிடம் சொன்னார்: இவ்வளவு கெட்டுப்போன நுரையீரலுக்கு ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தால், வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே சேரும். ஆளை மயக்கிப் போட்டது அதுதான். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

பிழைத்து வீடு திரும்பினார். மனைவி குண்டை ஒன்றாம் கோட்டில் நிறுத்தி, திருகும் குமிழ்மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்தார். அடுத்த சிலிண்டரைப் பூட்டிவிட்டு நான் கிளம்பும்போது, தலையணைமேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்தார்.

"தம்பி... கொஞ்சம்... கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்ணே. டாக்டரு சொல்லியிருக்காரு."

"டாக்டருக்கா... மூச்சு முட்டுது?"

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றி இறங்கினேன். பாதி ஏணியில், மேலே பிளாஸ்டர் கிழியும் சத்தம். பிறகு புட்டித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

சிலிண்டரைச் சந்தில் சாய்த்துவிட்டு, மறுபடி ஏணிக் கயிற்றைப் பிடித்தேன்.